தீவனத்தின் நீளமும் மாட்டின் ஜீரணமும்

வேலூர் லாங் பஜாருக்குத் தவிடும் பிண்ணாக்கும் வாங்க வரும் குடியானவர் அவற்றின் விலையையும் தரத்தையும் நன்கு விசாரிப்பார். வீட்டிலுள்ள வைக்கோலையும் சோளத்தட்டையும் எந்த அளவில் நறுக்கி இடுவது என்பதை ஆலோசிப்பவர் சிலரே. மாட்டின் ஆரோக்கியமும் பாலின் கொழுப்பும் இதனையும் பொறுத்தவை.

மாட்டின் வயிறு நான்கு அறைகளுடையது. முதலறையாகிய பெருவயிறு பெரிய பசுக்களில் 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். அவசரமாக விழுங்கிய தீவனத்தை மாடு பின்னர் ஓய்வாக வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுகின்றது. நார்த்தீவனம் போதிய அளவு தின்னும் மாடு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் அசைபோடும். அப்போது ஏராளமாகச் சுரக்கும் உமிழ்நீரிலுள்ள சோடா உப்பு பெருவயிற்றின் புளிப்பைத் தணிக்கின்றது. நாரைச் சிதைத்து ஜீரணிப்பவை அங்கு வாழும் நுண்ணுயிர்கள். புளிப்பு மிகுந்தால் அவை செயலற்றுப்போகும்.

சோளத்தட்டை முழுதாக இட்டால், மாடு இலையைத் தின்று தண்டைக் காலில் மிதித்து வீணாக்கும். ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை நறுக்கி இட்டால் சேதம் குறையும், அசைபோடுதலும் குறையாது. ஆயினும் நறுக்குவதனால் தீவனத்தில் புதிய சத்து எதுவும் சேர்வதில்லை.

‘சிறிதாக்கினால் நன்று, மாவாக்கினால் மிக நன்று’ என்று எண்ணுதல் தவறு. மாவாக அரைத்த தீவனம் நுண்ணுயிர்கள் தம் வேலையை முடிக்குமுன்னரே பெருவயிற்றைவிட்டு நகர்ந்துவிடும். அசைபோடும் நேரமும் உமிழ்நீரும் குறையும். நாரிலிருந்து உண்டாகும் அசிடிக் அமிலமே பாற்கொழுப்பிற்கு முக்கிய மூலப்பொருளாதலால், பாலில் கொழுப்பும் குறையும். கொழுப்பையும் இதரச் சத்தையும் சோதித்து விலை கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களில் இது நேரடி நஷ்டமாகும்.

சோறு, கஞ்சி, அரிசி மாவு ஆகியவை விரைவில் புளிப்பவை. பொங்கலன்று அன்பின் மிகுதியால் மாட்டிற்குச் சோற்றையும் பொங்கலையும் அளவின்றி ஊட்டுவதால், புளிப்பு முற்றி மாடு மாண்டுபோவதும் உண்டு. அவ்வாறு தின்ற மாடு தீவனம் மறுத்துச் சோர்ந்தால், தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை: முதலில் நறுக்கிய வைக்கோல் அல்லது தட்டு, அதன்பின் தவிடும் பிண்ணாக்கும் இடுக. வேர்க்கடலைக் கொடி கிடைக்குங்காலத்தில் மண்ணை உதறி வைக்கோலுடன் கலந்து இடுக. தீவனத்தை மாற்றும்போது சில நாட்களில் படிப்படியாக மாற்றுக. நண்பகலில் படுத்திருக்கும் மாடுகளில் பாதியேனும் அசைபோடவேண்டும். அசைபோடாமலும் சாணம் இளகியும் இருப்பின், தீவனத்தில் நீண்ட நார் போதவில்லையா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.