எடின்பரோவில் வெள்ளரிப் பிஞ்சு

சென்னையின் மார்கழி அதிகாலைகூட எடின்பரோவின் ஜூலைப் பகலைவிட வெதுவெதுப்பானது. ஸ்காட்லாந்தின் இந்தத் தலைநகரில் கோடை உச்சத்திலும் பகல் வெப்பம் சராசரியாக 19 டிகிரி செல்சியஸ்தான். வெள்ளரியோ இமயமலை அடிவாரத்தில் பிறந்த கொடி. ஆனாலும் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆகஸ்டில் பிஞ்சு பறிக்கிறோம்.

மார்ச் பிறந்ததுமே கடைகளில் விதை உறைகள் தொங்கும், கை பரபரக்கும். அப்போது ஊன்றினால் வீண். 20 டிகிரிக்கு மேல் கதகதப்பு கிடைத்தால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும் விதை, குளிர்ந்த ஈர மண்ணில் அழுகிப்போகும். ஏப்ரல் கடைசியில், சிறு தொட்டிகளில் விதையைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி ஊன்றி, வீட்டுக்குள் ஜன்னலோரம் வைக்கிறோம். வெள்ளரி வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது. மக்கும் தொட்டியாக இருந்தால் அப்படியே மண்ணில் இறக்கிவிடலாம்.

வெளியே நடும் நாளில்தான் அவசரம் கூடாது. முதல் வருஷம் மே நடுவில் அடித்த நல்ல வெயிலை நம்பி நட்டேன். மூன்றாம் நாள் இரவு உறைபனி. காலையில் இலைகள் வெந்த கீரைபோலக் கறுத்துத் துவண்டு கிடந்தன. ஒரு நாற்றுகூடத் தேறவில்லை. இப்போதெல்லாம் ஜூன் பிறக்காமல் நடுவதில்லை. அதற்குமுன் பத்து நாள், பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று நாற்றைப் பழக்குகிறோம். நடுவதற்குத் தெற்கு பார்த்த கல்சுவர் ஓரம்தான் இடம். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கல் இரவில் மெல்ல மெல்ல விடும். இருட்டிய பிறகும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும்.

இந்தச் சூட்டுக்காக பிரிட்டனில் பட்ட பாடு கொஞ்சமல்ல. குதிரை லத்தியைக் குவித்து, அது மக்கும்போது எழும் வெப்பத்தில், மேலே கண்ணாடி மூடி வெள்ளரி வளர்த்தார்கள். ரயில் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீபன்சன் தம் கடைசிக் காலத்தில் செஸ்டர்ஃபீல்டில் வெள்ளரி வளர்த்தவர். காய் வளையாமல் நேராக வரவேண்டுமென்று கண்ணாடிக் குழாய் செய்வித்து, பிஞ்சை அதற்குள் விட்டு வளர்த்தார்.

"காய் கசக்கிறது", "காயே பிடிக்கவில்லை" என்பவை இங்கே அடிக்கடி காதில் விழும் குறைகள். இரண்டுக்கும் பின்னால் பல சமயம் ஒரே குழப்பம் இருக்கும். வெள்ளரியில் இரண்டு வகை. கண்ணாடிக் குடிலுக்கான வகை, மகரந்தம் சேராமலே காய்க்கும். சேர்ந்துவிட்டால் காய் உப்பி, விதை பெருத்து, கசக்கும். அதனால் அதில் ஆண் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். பெண் பூ மட்டுமே பூக்கும் வீரிய ரகங்களில் இந்த வேலை அநேகமாக இல்லை. திறந்தவெளி வகைக்கோ தேனீ வரவேண்டும், ஆண் பூவும் வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான மார்க்கெட்மோர் இந்த இரண்டாம் வகை. அதில் போய் ஆண் பூக்களைக் கிள்ளி ஒரு பருவத்தையே இழந்தேன். பூவின் பின்பக்கம் பாருங்கள்: சுண்டுவிரல் நகத்தளவு முள்பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்காதீர்கள். தேனீக்கு நம் கணக்கு தெரியாது.

மற்றபடி, அடித்தண்டில் நீர் தேங்காதபடி சிறு மேட்டில் நட்டு, மண் காயாமல் தண்ணீர் விட்டால் போதும். ஓடில்லா நத்தைகளை மட்டும் இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கியே தீரவேண்டும். இளந்தண்டை ஒரே ராத்திரியில் அறுத்துவிடும்.

காய் ஒரு சாண் நீளம் வந்ததும் பறித்துவிடுங்கள். ஒரே ஒரு காய் கொடியில் மஞ்சளாகப் பழுத்தாலும் அடுத்த காய்ப்பு மந்தமாகிவிடும். விதை வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். குடிலுக்கா, வெளியிலா என்பது அங்கே எழுதியிருக்கும்.