மலையிலிருந்து இறங்கும்போது இன்ஜினை ஆஃப் பண்றீங்களா? பழைய லாரி பிரேக் கதையைக் கேளுங்க!

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படி ஏறியும் போகலாம். மலைப்பாதையில் வண்டியிலும் போகலாம். இறங்கும்போதுதான் சிலர் டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, நியூட்ரலில் தள்ளி இன்ஜினையும் அணைத்துவிடுகிறார்கள். லாரிகளில் வெகுகாலமாக இருந்த பழக்கம் இது. ஏன் ஆபத்து என்று புரிய, பிரேக்குக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆரம்பகால லாரிகளில் டிரைவரின் கால்பலம்தான் எல்லாம். அந்த அழுத்தத்தைக் கம்பியோ, குழாயிலுள்ள பிரேக் ஆயிலோ சக்கரத்துக்குக் கொண்டுபோகும். வெறும் வண்டிக்குச் சரி. லோடு ஏற்றினால்? 2018 வரை நம் நாட்டில் இரண்டு அச்சு லாரி லோடோடு 16.2 டன் வரை இருக்கலாம் என்றது சட்டம். அவ்வளவு எடையை ஒருத்தர் காலால் நிறுத்துவது நடக்கிற காரியமா?

காலுக்குத் துணையாக வந்தது வேக்குவம். ஒரு பெரிய டப்பா, நடுவில் ரப்பர் தடுப்பு. ஒரு பக்கத்துக் காற்றை உறிஞ்சி வைத்திருப்பார்கள். பிரேக்கை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து தடுப்பைத் தள்ளும். ஆனால் வெளிக்காற்றின் பலம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோதான். கனரக லாரிக்கு இது போதவில்லை. கம்ப்ரஸர் வைத்துக் காற்றை 8 கிலோ அளவுக்கு அழுத்தி, டேங்கில் சேமிக்கும் ஏர் பிரேக் அதனால்தான் வந்தது. இதில் டிரைவரின் கால் வால்வைத் திறப்பதோடு சரி, மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். பஸ் நிற்கும்போது கேட்கிற 'புஸ்ஸ்', வேலை முடிந்து வெளியேறும் காற்று.

இதில் நம்மூருக்கும் பங்கு உண்டு. சென்னையிலிருந்து பாடி, ஆவடி, திருவள்ளூர் வழியாகத்தானே திருத்தணி வருகிறோம்? அந்தப் பாடியில்தான், இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் கூட்டுடன் 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், லாரிகளுக்கு ஏர் பிரேக் பாகங்கள் தயாரித்தது.

சரி, மலைக்கு வருவோம். வேக்குவத்தை உண்டாக்குவது ஓடும் இன்ஜின். அதை அணைத்துவிட்டால் டப்பாவில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். பிறகு மிதி கல்லு மாதிரி இறுகிவிடும். முழு பலத்தோடு மிதித்தால் வண்டி நிற்கலாம். வளைவில் அதற்கு அவகாசம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பழைய லாரி சமாச்சாரம் என்று ஒதுக்கவும் முடியாது. உங்கள் பெட்ரோல், டீசல் காரிலும், நாம் குடும்பத்தோடு வரும் வேனிலும் பெரும்பாலும் இருப்பது அதே வேக்குவம் டப்பாதான்!

இன்ஜின் ஓடினாலும் நியூட்ரல் வேண்டாம். கியர் பிடித்திழுக்காததால் மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். சூடேறினால் பிடி தளரும். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்களின் கணக்கு.

ஏர் பிரேக்கிலும் காற்று தீர்ந்தால் சிக்கல்தான். ஆனால் இப்போதைய லாரிகளில், காற்று குறைந்தால் ஸ்பிரிங் தானாகப் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். டேங்கில் காற்று ஏறாமல் வண்டியை நகர்த்தவே முடியாது. காலையில் லாரிக்காரர்கள் ஸ்டார்ட் செய்துவிட்டு உடனே கிளம்பாமல் உறும விட்டுக்கொண்டு நிற்பது அதற்காகத்தான். சிலர் டேங்குக்கு அடியிலிருக்கும் வால்வைத் திறந்து தண்ணீர் வடிப்பதையும் பார்க்கலாம். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் டேங்கில் தேங்கிவிடும். மழைக்காலத்தில் இந்தத் தண்ணீர் இன்னும் கூடுதல்.