கோயமுத்தூரில் நின்ற போர்க் கப்பல்

"கோயமுத்தூருக்கு எப்போதாவது போர்க் கப்பல் வந்ததுண்டா?" என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "நொய்யலில் முழங்கால் அளவு தண்ணீருக்கே வழியில்லை, இதில் கப்பல் வேறா!" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். ஆனால் பிரிட்டிஷ் கடற்படையின் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பாருங்கள். 1942 முதல் 1946 வரை 'கருடா' என்ற போர்க் கப்பல் கோயமுத்தூரில் இருந்ததாகவே எழுதியிருக்கிறது! அந்தக் 'கப்பலில்' மாலுமிகள் வேலை பார்த்திருக்கிறார்கள், சம்பளம் வாங்கியிருக்கிறார்கள், ஊருக்குள் போய்வர லீவும் கேட்டிருக்கிறார்கள்.

அந்த மாலுமிகளின் பேரன் பேத்திகள் பாடுதான் திண்டாட்டம். இங்கிலாந்தில் தாத்தாவின் யுத்தகாலச் சேவைப் பதிவைத் தேடி எடுப்பது இப்போது பல குடும்பங்களில் பெரிய ஆசையாக இருக்கிறது. 1853-ஆம் ஆண்டு முதற்கொண்டு கடற்படையில் சேர்ந்த மாலுமிகளின் பதிவேடுகள் லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாதுகாப்பு அமைச்சகத்தின் வசம் இருந்த பிற்காலத்துப் படைவீரர் பதிவுகளையும் அங்கே கொண்டு சேர்க்கும் பெரிய வேலை 2022-ல் தொடங்கியது. ஆகவே தாள் கையில் கிடைத்துவிடுகிறது. கிடைத்த பிறகு அதைப் படித்துப் பொருள் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

நம் வீட்டு ஜாதகம் மாதிரிதான் அது. ஒரே தாள், கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். கட்டத்துக்குள் ஓரெழுத்தும் ஈரெழுத்துமாகக் கிறுக்கியிருக்கும். ஒரு மனுஷனுடைய வாழ்க்கையின் நல்லது பொல்லாதது அத்தனையும் அதற்குள் இருக்கிறது. ஆனால் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு.

முதலில் எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கும். 'ஜே' என்றால் மேல்தளத்து மாலுமி. 'கே' என்றால் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். 'எல்' என்றால் சமையல், பரிமாறல் வகை. 'எம்' என்றால் தச்சர், கம்மியர் போன்ற கைத்தொழில்காரர்கள். 1925-க்குப் பிறகு சேர்ந்தவராயிருந்தால் கூடவே ஓர் 'எக்ஸ்' ஒட்டிக்கொண்டிருக்கும். தாத்தா பீரங்கி சுட்டதாக வீட்டில் கதை கதையாகச் சொல்லியிருக்க, எண்ணுக்கு முன்னால் 'எல்' நின்றால் பேரனுக்குச் சற்று முகம் வாடுவது வாஸ்தவம். வாடத் தேவையே இல்லை. சண்டை நடக்கும்போது சமையற்காரருக்கும் சண்டையில் ஓர் இடம் உண்டு. குண்டுகளை எடுத்துக் கொடுக்கவும் காயம்பட்டவர்களைத் தூக்கவும் அவர் போயாக வேண்டும். கப்பல் மூழ்கினால் சமையற்கட்டும் சேர்ந்துதானே மூழ்குகிறது!

அடுத்தது அங்க அடையாளம். பெண்மணிகளுக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுவாகத்தான் இருக்கும். உயரம், மார்பளவு, தலைமயிர் நிறம், கண்ணின் நிறம், மேனி நிறம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம் எல்லாம் எழுதியிருக்கும். ஒரு ஃபோட்டோகூட மிஞ்சாத வீட்டில், தாத்தாவின் கண் நீல நிறம் என்று எண்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொள்வது சாமான்யமா? பச்சைக் குத்தல் விஷயம்தான் சில சமயம் வம்பில் கொண்டுவிடும். கையில் இதயம் வரைந்து நடுவே ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். பாட்டியின் பெயர் அதுவாக இராது!

இனி கப்பல்களின் வரிசை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தக் கப்பல் என்று வரிவரியாக இருக்கும். குடும்பத்தார் ஏமாந்து போவது இங்கேதான். 'விக்டரி' என்று இருப்பதைப் பார்த்ததும், 1805-ல் டிரபால்கரில் நெல்சன் நின்று போரிட்ட அதே கப்பலில் எங்கள் தாத்தா இருந்தார் என்று பெருமை பேசிவிடுவார்கள். அந்தக் கிழட்டுக் கப்பலை 1922-லேயே போர்ட்ஸ்மவுத்தில் தண்ணீர் இல்லாத துறையில் ஏற்றி நிறுத்தியாகிவிட்டது. தாத்தாவின் தாளில் உள்ள 'விக்டரி' போர்ட்ஸ்மவுத் படைவீட்டின் பெயர். சாட்டத்துப் படைவீட்டுக்கு 'பெம்புரோக்' என்று பெயர். இவையெல்லாம் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டின கட்டடங்கள். மாலுமிகளே கேலியாக இவற்றைக் 'கல் கப்பல்' என்றுதான் சொல்லுவார்கள்.

கட்டடத்துக்கு எதற்காகக் கப்பல் பெயர்? சட்டம் செய்த வேலை அது. ஒருவன் ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் இருந்தால்தான் அவனுக்குச் சம்பளம் போடலாம், கடற்படைச் சட்டப்படி தண்டிக்கவும் செய்யலாம். கரையில் இருப்பவனை என்ன செய்வது? கரையையே கப்பலாக்கிவிட்டார்கள்! சட்டத்தின் வாயை அடைப்பதற்கென்றே சில இடங்களில் ஒரு சிறு படகை மிதக்க விட்டு, அந்தப் பெயரை அதற்குச் சூட்டி வைத்ததும் உண்டு.

கோயமுத்தூர்க் கருடனின் கதையும் இதுதான். பீளமேட்டில் கடற்படை விமானங்களைப் பழுதுபார்த்த பட்டறையின் பெயர் அது. கடற்படையின் விமான நிலையங்களுக்குப் பறவைகளின் பெயரை வைப்பது அவர்களுடைய வழக்கம். நம் பக்கம் வந்தவர்கள் நம் பறவைகளையே பிடித்துக்கொண்டார்கள். சூலூரில் 'வைரி', தாம்பரத்தில் 'வல்லூறு', இலங்கையில் புத்தளத்தில் 'ராஜாலியா', கட்டுகுருந்தையில் 'உக்குஸ்ஸா'. இங்கிலீஷ்க்காரர் வீட்டில் ஒரு பேத்தி இந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, எந்தக் கடலில் இந்தக் கப்பல்கள் ஓடின என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பாள். கோழிக் குஞ்சைப் பறிகொடுத்த நம் கிராமத்துக் கிழவி ஒருத்தியிடம் கேட்டால், வல்லூறு எது என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்!

இந்த வழக்கம் இன்றும் போகவில்லை. நம் இந்தியக் கடற்படையில் 1953-ல் கொச்சியில் ஒரு கருடா பிறந்தது. 1992-ல் அரக்கோணத்தில் 'ராஜாளி' வந்தது. 2009-ல் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் 'பருந்து' வந்தது. யாராவது பையன் "ராஜாளிக் கப்பலில் வேலை" என்று சொன்னால், அரக்கோணத்தில் துறைமுகத்தைத் தேடிக்கொண்டு போய்விடாதீர்கள்.

சிரித்துவிட்டுப் போகமுடியாத கல் கப்பல்களும் உண்டு. லோஸ்டாப்ட் என்ற கடற்கரை ஊரில் 'குருவிக் கூடு' என்று பொருள்படும் பெயருடைய ஓர் உல்லாசத் தோட்டம் இருந்தது. யுத்தத்தில் அதைக் கடற்படை எடுத்துக்கொண்டு 'யூரோப்பா' என்று பெயரிட்டது. மீன்பிடி படகுகளில் போய்க் கண்ணிவெடி வாரியவர்களுடைய கணக்கெல்லாம் அந்தத் தோட்டத்தில்தான். தாத்தாவின் தாளில் நான்கு வருஷத்துக்கும் 'யூரோப்பா' என்ற ஒரே பெயர் இருந்தால், "யுத்தம் முழுவதும் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாரா!" என்று வீட்டார் நினைத்துவிடக் கூடும். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ஒரு படகின் பெயர் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவர் உண்மையில் இருந்தது அதில்தான். அந்தப் படகுகளில் போய் உடல்கூடக் கிடைக்காமல் மறைந்த 2,300க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை அதே ஊரில் பெல்வியூ பூங்காவில் உள்ள நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள்.

கடைசியாக எழுத்துக்கள். இங்கே நிதானம் வேண்டும். அவசரப்பட்டுப் படித்தால் செத்துப் போனவரின் மானத்தை வாங்கிவிடுவோம்.

நடத்தைக் கட்டத்தில் வருஷா வருஷம் டிசம்பர் 31-ல் மதிப்புப் போடுவார்கள். 'வி.ஜி.' என்றால் மிக நன்று. பதினோரு வருஷம் வி.ஜி. வாங்கியவர் நடுவில் ஒரு வருஷம் வெறும் 'நன்று' வாங்கியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பக்கத்தில் பாருங்கள், காவலறையில் இருந்த நாட்கள் குறித்திருக்கும். நன்னடத்தைப் பட்டை மூன்றாவது வருஷத்தில் ஒன்று, எட்டாவதில் ஒன்று, பதின்மூன்றாவதில் ஒன்று என்று இடது கையில் ஏறும். அந்தக் கட்டத்தில் 'ஜி' என்றால் கொடுத்தார்கள். 'டி' என்றால் பிடுங்கினார்கள். 'ஆர்' என்றால் திரும்பக் கொடுத்தார்கள்.

இதே 'ஆர்' கப்பல் வரிசையின் ஓரத்தில், விலகிய காரணம் எழுதும் இடத்தில் நின்றால் வேறு கதை. 'ரன்' என்பதன் சுருக்கம் அது. ஓடிப்போனான் என்று அர்த்தம்! ஒரே எழுத்து ஒரு கட்டத்தில் இழந்த மரியாதையைத் திருப்பித் தருகிறது. நான்கு விரற்கடை தள்ளி இன்னொரு கட்டத்தில் மனுஷனை ஓடுகாலி ஆக்குகிறது. கட்டம் தெரியாத பேரன் ஒருவன் இதைக் குடும்பத்தில் போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே ஓடியவர்களும் இருந்தார்கள். அப்போதும் அடுத்த வரியைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்து தண்டனை அனுபவித்துவிட்டு, மறுபடி கப்பலேறியவர்கள் உண்டு. தாயார் படுக்கையில் கிடந்தாளோ, பெண்டாட்டிக்குப் பிரசவமோ, அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

'டி.டி.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் பூதக்கண்ணாடி தேவையில்லை. 'சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டார்; காரணம், மரணம்' என்பதன் சுருக்கம் அது. ஜாக் கார்ன்வெல் என்ற பையன் 1915-ல் கடற்படையில் சேர்ந்தான். 1916-ஆம் ஆண்டு மே 31-ல் ஜட்லந்துச் சண்டையில் 'செஸ்டர்' என்ற கப்பலில், சுற்றியிருந்தவர்கள் விழுந்து கிடக்க, மார்பில் இரும்புத் துண்டுகள் பாய்ந்த நிலையிலும் பீரங்கியை விட்டு நகராமல் உத்தரவுக்காகக் காத்து நின்றான். ஜூன் 2-ல் ஆஸ்பத்திரியில் இறந்தான். வயது பதினாறு. விக்டோரியா சிலுவை விருதை அவன் தாயார்தான் அரண்மனைக்குப் போய் வாங்கிக்கொண்டாள். அதே வருஷம் அவன் தகப்பனாரும் காலமானார். அவ்வளவு பெரிய கதைக்கும் கடற்படையின் கணக்கு மொழியில் இரண்டே எழுத்துத்தான்.

தேதிகளையும் விட்டுவிடாதீர்கள். 'ஹுட்' என்ற பெயருக்கு எதிரே 1941 மே 24 என்று முடிந்திருந்தால் மேற்கொண்டு படிக்க ஒன்றுமில்லை. அன்று அதிலிருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு எதிரே 1942 ஏப்ரல் 9 என்று இருந்தால், அது மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட நாள். 307 பேர் மாண்டார்கள். ஆனால் அங்கே 'விட்டா' என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்து நூற்றுக்கணக்கானவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. ஆகவே அடுத்த வரியில் இன்னொரு பெயர் இருக்கிறதா என்று தைரியமாகப் பார்க்கலாம்.

நம்மவர் தாள்களிலும் இப்படி ஒரு தேதி உண்டு. பம்பாயில் 'தல்வார்' என்ற கல் கப்பல், தந்திச் செய்தி கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம். 1946 பிப்ரவரி 18-ல் அங்கேதான் இந்திய மாலுமிகளின் வேலைநிறுத்தம் மூண்டது. அதற்காகப் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். தாத்தாவின் தாளில் அந்த வருஷத்தில் திடீரென்று சேவை முடிந்திருந்தால், குற்றம் எதுவோ என்று கூசி மூடி வைத்துவிடாமல் தேதியைப் பாருங்கள்.

தாத்தா தாத்தா என்றே சொல்லிக்கொண்டு வந்துவிட்டோம், பாட்டிமார்களும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் பெண்கள் பிரிவு ஒன்று இருந்தது. கொழும்புக்கு வெளியே ஒரு கோல்ப் மைதானத்தில் 'ஆண்டர்சன்' என்று இன்னொரு கல் கப்பல். ஜப்பானியரின் ரகசிய வானொலிச் செய்திகளைப் பிடித்து உடைத்தார்கள் அங்கே. வேலை செய்தவர்களில் பெண்கள் பலர். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவர்களும் ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் "ஏதோ ஆபீஸ் வேலைதான்" என்று சொல்லி, எத்தனையோ வருஷம் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.