கடலை மறந்த நாடு

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே கடலோரத்தில் பழவேற்காடு இருக்கிறது. விசயநகர வேந்தரின் இசைவு பெற்று வாணிகத்திற்கு வந்த டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். பீரங்கியோடு வந்தவர்களைக் கடலிலேயே எதிர்கொள்ள நம்மிடம் கப்பற்படை இல்லை.

இக்குறையையே சர்தார் கே. எம். பணிக்கர் 1945-இல் வெளிவந்த 'இந்தியாவும் இந்துமாக்கடலும்' என்னும் ஆங்கில நூலில் எடுத்துரைத்தார். வடமேற்குக் கணவாய்களையே நோக்கிப் பழகிய நாம் கடலை மறந்தோம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலாட்சி கைநழுவியபோதே சுதந்திர இழப்பும் தொடங்கிற்று என்பது அவர் வாதம். சோழர் கடல் கடந்து படை செலுத்திய நாட்டில் இதை நினைவூட்ட ஒரு நூல் வேண்டியிருந்தது!

சென்னைக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஒற்றைக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. அப்போது நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்று நாம் இன்றும் சொல்வது அதனால்தான். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசவே, சென்னை மக்கள் ஊரைவிட்டு ஓடினர்.

ஆயினும் பணிக்கரின் பார்வையிலும் ஒரு குறை உண்டு. பின்னாளில் அவர் சீனத்தில் நம் தூதரானார். 1950 நவம்பரில் வட எல்லை குறித்து நேருவை எச்சரித்த வல்லபாய் பட்டேலின் கடிதம், சீனத்தின் செயல்களுக்கு நம் தூதர் சமாதானம் தேடுவதாகக் குறைகூறிற்று. 1962 அக்டோபரில் போர் மலைவழியே வந்தது. நம் வீரர் பலர் பருத்தி உடையுடன் பனியில் நின்றனர்.