கொழுந்தும் பருப்பும்: மூளைக்கலங்களைக் காக்கும் தாவரப் பெப்தைட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

அல்சைமர், பாக்கின்சன் முதலிய நரம்புச்சிதைவு நோய்கள் முதியோரின் நினைவையும் உடலியக்கத்தையும் படிப்படியாக அழிப்பன. தாவர உணவிலுள்ள பெப்தைட்டுகளால் இவற்றைத் தடுக்கலாமா என்பது உணவு விஞ்ஞானத்தில் இன்று பெரிதும் ஆராயப்படும் வினாவாகும். நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களை மனத்திற் கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

புரதம் என்பது அமினோவமிலங்களாலான நீண்ட சங்கிலி. அதன் குறுந்துண்டே பெப்தைட்டு. சோயா, பயறு, பருப்பு ஆகியவற்றின் புரதத்தை நொதியங்கள் வெட்டும்போது இத்துண்டுகள் விடுபடுகின்றன. அவற்றுட் சில, ஆய்வுகூடத்தில் வளர்த்த நரம்புக்கலங்களை ஒட்சியேற்றச் சிதைவிலிருந்து காத்துள்ளன. வேறு சில, நினைவுக்குத் துணைபுரியும் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றன. அல்சைமர் நோயில் மூளையிற் படியும் அமிலோயிட்டு பீற்றாவும் ஏறத்தாழ 40 அமினோவமிலங்களாலான பெப்தைட்டே. அதன் திரட்சியைக் குலைக்கவல்ல உணவுப் பெப்தைட்டுகளும் தேடப்படுகின்றன.

ஆயின், உண்ட பெப்தைட்டு மூளையை எய்துதல் எளிதன்று. சமிபாட்டின்போது பெரும்பாலானவை தனி அமினோவமிலங்களாகின்றன. இரண்டு, மூன்று அலகுகள் கொண்ட துண்டுகளே குடற்சுவரை எளிதிற் கடப்பன. அதற்கப்பாலும் குருதி–மூளைத் தடுப்பு உண்டு. கலங்களிலும் எலிகளிலும் கண்ட பயன் மனிதரில் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை.

தேயிலையை மூளைக்கு உகந்ததென்போர் தியனீனைச் சுட்டுவர். 1949இல் யப்பானில் பச்சைத் தேயிலையில் இனங்காணப்பட்ட இது பெப்தைட்டன்று. செடியின் வேரில் உருவாகிக் கொழுந்தை அடையும் ஓர் அமினோவமிலம். இது மூளையை எய்தவல்லதாயினும் உடற்புரதத்தின் கூறாவதில்லை. உலர்ந்த தேயிலையின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு புரதமே. எனினும் அது பெரும்பாலும் நீரிற் கரையாது சக்கையிலேயே தங்கிவிடுகின்றது. எனவே வெறுந்தேநீர் எத்தனை கோப்பை பருகினும் புரதக்குறை தீராது.

இவ்வுண்மை மலையகத்தில் தனிப் பொருள் பெறுகின்றது. 1974இன் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி இளமையிலேயே நிகழ்வதாகும். ஆகவே மூளைப் பாதுகாப்பை முதுமைக்குரிய மருந்தாக மட்டும் கருதுதல் பொருந்தாது. சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ 1973இல் தொடங்கப்பட்டது. தாவரப் புரதத்தைப் பொதுத் திட்டமாக வழங்குதல் இயலும் என்பதற்கு அது சான்றாகும். பெப்தைட்டு மாத்திரைக்கு முன்னர் வேண்டப்படுவது, ரொட்டியோடு நாள்தோறும் பருப்பும் பயறும் வாங்கப் போதிய கூலியே.

1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இயங்குகின்றது. தேயிலைச் செடிக்கு எவ்வளவு நைதரசன் இடவேண்டும் என்பது நெடுங்காலமாக நுணுகி ஆராயப்பட்டு வந்துள்ளது. புரதத்தின் இன்றியமையாக் கூறும் நைதரசனே. கொழுந்தெடுப்போரின் உணவில் அது எவ்வளவு சேர்கின்றது என்பதும் அதே அக்கறையுடன் ஆராயப்படல் வேண்டும்.