காருக்குள் கட்டில்: எடை உண்டு, சட்டத்தில் அளவு இல்லை

புது தில்லி: தில்லி கரோல்பாகில் கார்களுக்கான துணைப் பொருள்கள் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில் உள்ள கீர்த்தி நகர், மரச்சாமான்களுக்கும் பிளைவுட்டுக்கும் பெயர் பெற்றது. இவ்விரு கடைவீதிகளின் சரக்கும் ஒரே வாகனத்தில் சேர்ந்தால் கிடைப்பதுதான், மலைப்பயணம் செல்வோர் விரும்பும் இழுப்பறைப் படுக்கை.

எஸ்யூவி வாகனத்தின் பின்னிருக்கைகளை மடக்கிவிட்டு, அதன் பின்பகுதியில் இரண்டு நீண்ட இழுப்பறைகள் கொண்ட பெட்டி பொருத்தப்படுகிறது. பகலில் அடுப்பு, பாத்திரம், கருவிகள், கயிறு ஆகியவற்றுக்கு அது அலமாரி. இரவில் அதன் மேல்பலகையே இருவர் படுக்கும் கட்டில்.

2020 அக்டோபர் 3-ம் தேதி 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, ரோதாங் கணவாயின் மீது ஏறாமலேயே மணாலியிலிருந்து லாஹூல் பள்ளத்தாக்குக்குச் செல்ல முடிகிறது. ஸ்பிதி, லடாக் என அதற்கு அப்பாலும் செல்வோருக்கு, விடுதி இல்லாத இடத்தில் இருட்டிவிட்டால் வாகனமே வீடு. தார், கூர்க்கா, ஜிம்னி போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களை வாங்குவோரில் பலர், அடுத்த வேலையாகத் தச்சரைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

தச்சருக்கு அது மரவேலை. வாகன உரிமையாளருக்கு அது பயண மூட்டை. ஆனால், வழியில் நிறுத்திச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் கண்ணுக்கு அது சட்டத்துக்குப் புறம்பான வாகன மாற்றமாகத் தெரியலாம். 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத முறையில் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் என வகை செய்தது. பிளைவுட் பெட்டி எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே பிரச்னை.

பெட்டியின் கணக்கு

பழக்கம் புதிதல்ல. நகரங்களுக்கிடையே நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் ஆளற்ற நிலப்பரப்பு கொண்ட ஆஸ்திரேலியாவிலும், தென் ஆப்பிரிக்காவிலும் இத்தகைய இழுப்பறைகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. அங்கு இவற்றைத் தொழிற்சாலைகளே தயாரித்து விற்கின்றன. இந்தியாவில் பெரும்பாலும் உள்ளூர்த் தச்சரும் வெல்டிங் பட்டறையுமே கதி.

பெட்டியின் உயரத்தில் தொடங்குகிறது சிக்கல். உயரம் கூடினால் பொருள்கள் அதிகம் கொள்ளும். ஆனால் மேலே படுப்பவர் எழுந்து உட்கார முடியாது. எனவே, 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்குள் அடக்குவது வழக்கம். ஆறடி மனிதர் கால் நீட்டிப் படுக்க வேண்டுமானால், முன்னிருக்கைகளை முன்னுக்குத் தள்ளி, கீல் வைத்த மடக்குப் பலகையை மடக்கிய இருக்கையின் மேல் விரிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் இழுப்பறை தானாகத் திறந்துகொள்ளாதிருக்கத் தாழ்ப்பாளும், கனம் தாங்கும் சேனலும் தேவை.

அடுத்தது எடை. 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று சுமார் 35 கிலோ இருக்கும். இரண்டு பலகைகள் 70 கிலோ. சேனல், கீல், திருகு வகையில் 10 கிலோ. 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. சிறிய குளிர்பதனப் பெட்டி, உள்ளிருக்கும் பொருள்களோடு 30 கிலோ. ஆக மொத்தம் 150 கிலோ, அதாவது பெரியவர்கள் இருவரின் எடை. இது போதாதென்று கூரையிலும் சுமை ஏற்றினால் வாகனத்தின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, மலைச்சாலை வளைவுகளில் கவிழும் அபாயம் கூடும். இதைத் தவிர்க்கவே பலர் 12 மி.மீ. பலகைக்கும் அலுமினியக் குழாய்ச் சட்டகத்துக்கும் மாறுகின்றனர்.

மோதும்போது 3 டன்

எடையைவிடக் கவலை தருவது பிணைப்பு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் எதன் மீதாவது மோதி, அரை மீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். 20 கிலோ குளிர்பதனப் பெட்டி 400 கிலோவாகும். 150 கிலோ இழுப்பறைப் பெட்டி 3 டன்னாகும்.

ஐரோப்பிய நாடுகள் உள்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 17-வது ஒழுங்குமுறை, பயண மூட்டை மோதும்போது பின்னிருக்கை தாங்குமா என்பதை 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை வைத்துச் சோதிக்கிறது. மொத்தம் 36 கிலோ. அதைப்போல் நான்கு மடங்கு எடையுள்ள மரப்பெட்டியை எந்த இருக்கையும் தடுத்து நிறுத்தும் என எதிர்பார்க்க முடியாது. மெல்லிய தகரத் தரையில் அடித்த திருகுகளும் அந்த விசைக்கு நிற்கமாட்டா. மூன்றாவது வரிசை இருக்கையைப் பிணைக்கத் தயாரிப்பாளரே அமைத்த போல்ட் இடங்கள் போன்ற வலுவான புள்ளிகளில் பெட்டியைப் பிணைத்தால் மட்டுமே ஓரளவு பாதுகாப்பு உண்டு.

ஆனால், பாதுகாப்புக்காகப் போல்ட் போட்டு முடுக்கும் அந்தக் கணத்தில்தான் சட்டச் சிக்கலும் தொடங்குகிறது.

காணாமற்போன 2 சதவீதம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. 1988-ல் இயற்றப்பட்டபோது அந்தப் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றியமைக்கப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றது. கூடவே ஒரு விலக்கும் தந்தது. துணைப் பொருள்களைப் பொருத்துவதாலோ நீக்குவதாலோ வாகனத்தின் வெற்று எடை 2 சதவீதத்துக்கு மேல் மாறாவிட்டால் ஒப்புதல் தேவையில்லை என்பதே அந்த விலக்கு.

1,700 கிலோ எடையுள்ள வாகனத்துக்கு 2 சதவீதம் என்பது 34 கிலோ. ஏறக்குறைய ஒரு பிளைவுட் பலகை. தச்சரும் உரிமையாளரும் ஆய்வாளரும் ஒரே எடைமேடையில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய அளவுகோல் அது.

2000-ம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்த அளவுகோலை நீக்கியது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக்கூடாது என்ற பொதுத் தடை அதன் இடத்துக்கு வந்தது. மாற்றம் என்றால், வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று விளக்கமும் சேர்க்கப்பட்டது. எண் போய், சொற்கள் வந்தன. இழுப்பறைப் பெட்டி அடிப்படைத் தன்மையை மாற்றுகிறதா என்பது பார்ப்பவரின் கருத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணான மாற்றம் கூடாது என்பதை உறுதிசெய்தது. மாநில விதிகள் மத்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்றும் கூறியது. அதே வேளையில், வண்ணம் மாற்றுவது போன்ற சிறு மாற்றங்களைக் கட்டமைப்பு மாற்றங்களிலிருந்து வேறுபடுத்திப் பார்த்தது.

வெளியில் பொருத்தும் பொருளுக்கும் இதே பிரிவு பாய்ந்தது உண்டு. கார்களின் முன்புறம் மாட்டப்படும் இரும்புத் தடுப்புக் கம்பிகள் 52-வது பிரிவுக்கு முரணானவை என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பாதசாரிகளின் உயிரைக் காக்க அந்த நடவடிக்கை தேவையானதே. ஆனால், வெறும் போல்ட்டால் மாட்டிய துணைப் பொருளும் இப்பிரிவின் கீழ் குற்றமாகலாம் என்பதும் அதில் தெளிவானது.

மூன்று படிகள்

இன்றைய நிலையில் இழுப்பறைப் படுக்கைகளை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். இருக்கைகளை மடக்கிவிட்டு, பட்டையால் கட்டி, பயணம் முடிந்ததும் இறக்கி வைக்கும் பெட்டி முதல் படி. அது சுமைதான், பிரச்னை எழ வாய்ப்பு குறைவு. இருக்கைகளைக் கழற்றி, தரையைத் துளைத்து, சட்டகத்தை வெல்டிங் செய்வது மூன்றாவது படி. இருக்கைகளின் எண்ணிக்கை பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் என்பதால், அது மாறுவது சட்ட மீறல் என்பதில் ஐயமில்லை. இவற்றுக்கு நடுவே, இருக்கைகள் இருக்க, ஏற்கெனவே உள்ள போல்ட் இடங்களில் நிரந்தரமாகப் பிணைத்த பெட்டி இரண்டாவது படி. மூன்றிலும் பாதுகாப்பானதாக அமையக்கூடியது இதுவே. சட்டம் தெளிவில்லாமல் விட்டிருப்பதும் இதையே.

இந்தத் தெளிவின்மைக்குக் கூட்டாட்சி முறையும் ஒரு காரணம். இயந்திர வாகனங்கள் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் 35-வது இனமாக உள்ளன. சட்டம் நாடாளுமன்றத்தினுடையது, அதை நடைமுறைப்படுத்தும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் காவல் துறையும் மாநிலங்களுடையவை. தில்லியிலிருந்து லே நகருக்குச் செல்லும் வாகனம் ஹரியாணா, ஹிமாசலப் பிரதேசம் ஆகியவற்றைக் கடந்து லடாக் யூனியன் பிரதேசத்துக்குள் நுழைகிறது. ஓர் எல்லையில் மூட்டையாகக் கருதப்பட்ட பெட்டி, அடுத்த எல்லையில் குற்றமாகலாம். விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம் என்று இழப்பீட்டிலும் தகராறு எழலாம்.

வாகனத்தை முறைப்படி கேரவனாக மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் 2004-ம் ஆண்டு வாகன வகைப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தொழில்தரமும் உள்ளது. இருக்கையும் மேஜையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகிய நான்கும் அதன் அடிப்படைகள். ஆனால், அது வாகனங்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு ஏற்ற வழி. ஆண்டுக்கு ஒருமுறை ஸ்பிதி செல்லும் குடும்பம் தன் ஒற்றை வாகனத்துக்காக அந்தச் சோதனைகளையெல்லாம் கடப்பது நடைமுறையில் இயலாது. 2021-ல் கேரளமும் மகாராஷ்டிரமும் அறிவித்த கேரவன் சுற்றுலாக் கொள்கைகளும் சுற்றுலாத் தொழிலை மனத்தில் கொண்டவையே.

ஓடும் வண்டியில் உறக்கம்

சட்டம் தெளிவாக இருந்தும் மக்கள் மீறும் இடம் ஒன்று உண்டு. தில்லியிலிருந்து இரவில் புறப்பட்டு விடியலில் மலையடிவாரம் சேர நினைக்கும் குடும்பங்கள், பின்னால் கட்டில் இருப்பதால் குழந்தைகளை அதில் படுக்கவைத்துவிட்டு ஓட்டிச் செல்வது உண்டு. அந்தப் பலகையில் சீட் பெல்ட் இல்லை. மோதினால், உறங்கும் குழந்தையும் அந்த 20 மடங்கு விசைக்கு ஆளாகும்.

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்னிருக்கையில் சீட் பெல்ட் அணியாமல் பயணம் செய்து மகாராஷ்டிரத்தில் பலியானதும் அந்த ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதிதான். படுக்கைத் தளம் நின்ற வாகனத்துக்கு மட்டுமே உரியது. நின்ற வாகனத்திலும் கண்ணாடிகளை முழுவதும் மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டினால், கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

தேவை ஓர் அளவுகோல்

ஆஸ்திரேலியாவிலும் வாகனப் பதிவு மாநிலங்களின் கையில்தான் உள்ளது. ஆயினும், சான்றிதழ் இன்றிச் செய்யக்கூடிய எளிய மாற்றங்கள் எவை, சான்றிதழ் பெற வேண்டியவை எவை என்று பிரித்துச் சொல்லும் தேசிய நடைமுறைத் தொகுப்பு ஒன்று அங்கே உள்ளது.

இந்தியாவில் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்கான மாற்றங்களுக்கு விலக்கு அளிக்க 52-வது பிரிவே மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றுக்கு மாற்றும் கருவித் தொகுப்புகளுக்கு விரிவான விதிகளை வகுத்த அமைச்சகத்துக்கு, ஒரு மரப்பெட்டிக்கு விதி வகுப்பது கடினமான காரியமாக இருக்க முடியாது. இருக்கை எண்ணிக்கை மாறக்கூடாது. தயாரிப்பாளரின் பிணைப்பு இடங்களில்தான் பொருத்த வேண்டும். இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது. ஓடும்போது அதில் எவரும் படுக்கக்கூடாது என்ற நான்கு வரிகள் போதும்.

1988-ல் சட்டம் இயற்றியவர்கள் 2 சதவீதம் என்று ஓர் எண்ணைத் தந்திருந்தனர். அதே எண் இன்றைக்குப் பொருந்தாவிட்டால் வேறொன்றை வைக்கலாம். ஆனால், சிறைத் தண்டனை வரை செல்லக்கூடிய ஒரு பிரிவில், எது குற்றம் என்பதைக் குடிமகன் முன்கூட்டியே அளந்து பார்க்க வழி இருக்க வேண்டும். அதுவரை, ஆய்வாளருக்கு அஞ்சிப் போல்ட் போடாமல் விடும் ஒவ்வொரு பெட்டியும், வாகனத்துக்குள் இருப்பவர்களுக்கே ஆபத்தாக அமையும்.