குளிரூட்டி காட்டும் குறியீடு: படிப்பது எப்படி?

பயிர் மஞ்சளித்தால் நாம் உடனே உரமூட்டையை அவிழ்ப்பதில்லை. வேரில் தண்ணீர் நிற்கிறதா, இலையின் அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே முடிவு செய்கிறோம். குளிரூட்டி (ஏசி) திருத்தும் வேலையும் இப்படித்தான். இத்தொழிலைப் பழக விரும்பும் பிள்ளைகளுக்காகவும், கடையிலோ வீட்டிலோ குளிரூட்டி வைத்திருப்போருக்காகவும் இதனை எழுதுகிறோம்.

எமது கூட்ட மண்டபத்துக் குளிரூட்டி ஒருநாள் நின்றுபோய், முகப்பில் ஒரு குறியீட்டைக் காட்டியது. வந்து பார்த்தவர் "போர்ட் எரிந்துவிட்டது" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டார். அடுத்து வந்த இளைஞர் வெளி அலகின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். இணைப்பு வயர் ஒன்றின் திருகாணி தளர்ந்திருந்தது. இறுக்கியதும் இயந்திரம் ஓடியது. குறியீடு பொய் சொல்லவில்லை, படித்தவரே அவசரப்பட்டார்.

குறியீடு என்றால் என்ன?

குளிரூட்டிக்குள் வெப்பநிலையை அளக்கும் சென்சர்கள் உள்ளன. அளவு எல்லை மீறினால் அல்லது செய்தி வராவிட்டால், போர்ட் இயந்திரத்தை நிறுத்தி எழுத்தும் இலக்கமுமாக அறிவிக்கும். இலக்கம் காட்டாதவற்றில் விளக்கு மின்னும். எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். ஒரே குறியீடு எல்லாக் கம்பனிக்கும் ஒரே பொருளைத் தராது. அந்த மாதிரிக்குரிய கைநூலையே பாருங்கள்.

உதாரணமாக, டைக்கின் குளிரூட்டியில் 'யூ4' என்றால் உள் அலகுக்கும் வெளி அலகுக்கும் இடையே செய்தித் தொடர்பு இல்லை. வயர் தளர்ந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், போர்ட்டும் பழுதாகியிருக்கலாம். செலவு குறைந்ததை முதலில் பாருங்கள். 'யூ0' வாயுக் குறைவைக் காட்டும். வாயு மண்ணெண்ணெய் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டை வாளியால் நீர் இறைப்பது போலாகும்.

பார்க்கும் ஒழுங்கு

1. குறியீட்டை முதலில் எழுதி வையுங்கள். மின்சாரத்தை நிறுத்தினால் அது மறையக்கூடும்.

2. பிரதான சுவிற்சை நிறுத்தி, சில நிமிடங்களின் பின் போடுங்கள். குறியீடு திரும்ப வந்தால் பழுது உண்டு.

3. சுவிற்சை நிறுத்தி, தூசிவடியைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெளி அலகை இலைகுழையோ புல்லோ மறைத்தால் அகற்றுங்கள்.

4. மின்னழுத்தத்தை அளவுங்கள். எமது நாட்டில் அது 230 வோல்ற்று.

5. வயர்களையும் சென்சர்களையும் சோதியுங்கள். பல சென்சர்கள் 25 பாகை செல்சியசில் 10,000 ஓம் காட்டும். கையால் பொத்திச் சூடாக்கினால் அளவு குறைய வேண்டும். அசையாமல் நின்றால் சென்சரே பழுது.

முதல் மூன்றையும் வீட்டாரே செய்யலாம். மற்றவை பயிற்சி பெற்றவருக்கே உரியவை. மின்சாரத்தை நிறுத்திய பின்பும் வெளி அலகின் கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும். குறைந்தது 10 நிமிடம் பொறுத்து, அளந்து பார்த்த பின்பே தொட வேண்டும். இன்று பரவலாயுள்ள ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது. கசிவு பார்க்க ஒட்சிசனை ஒருபோதும் ஏற்றாதீர்கள். எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். நைதரசனே பயன்படுத்த வேண்டும்.

காணியை விட்டு வர நேர்ந்தாலும் கைத்தொழில் கூடவே வரும். அதனைப் பழகும் பிள்ளைகள், பார்க்காமல் பழுது சொல்லாத நேர்மையையும் சேர்த்தே பழகட்டும். புதிய ஊரில் அடுத்த வேலை தேடி வருவது அந்த நம்பிக்கையால்தான்.